கேள்வி எந்தத் தெருவுக்குப் போகிறது?



அயோத்திதாசப் பண்டிதரின் பெயரால் கூடும் அவையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1881 கணக்கெடுப்பின்போதே நம் மக்களை 'ஆதித்தமிழர்' என்று பதியச் சொன்னவர் அவர். அரசாங்கத் தாளின் ஒரு கட்டத்துக்குள் எழுதப்படும் சொல், நாம் போகும் முன்பே பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் நீதிமன்றத்திலும் போய் நமக்காகக் காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணப்போவதாக ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 1931-க்குப் பிறகு நடக்காதது இது. கேள்வித்தாளில் வரும் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் நம் கூட்டங்களில் நடக்கும் விவாதம் எந்தச் சாதிக்கு எத்தனை தலை என்பதோடு நின்றுவிடுகிறது. நான் பேச வந்தது வேறு: சாதியைப் பற்றிய கேள்வியை யாரிடம் கேட்கிறார்கள்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் கழிப்பறை எந்த வகை என்று கேட்டார்கள். பதில்களுக்கான குறியீடுகளில் ஒன்று, மலத்தை மனிதர் அகற்றுவது. நாடு முழுவதும் 7,94,390 வீடுகளில் அந்தக் குறியீடு விழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 3 லட்சத்து 26 ஆயிரம். பெரியார் மண் என்று நாம் மார்தட்டும் தமிழ்நாட்டில் 27 ஆயிரத்துக்கு மேல். உலர் கழிப்பிடத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது 1993-இல். 18 ஆண்டுகள் கழித்து இந்த எண்ணிக்கை. மலம் திறந்த சாக்கடைக்குள் விடப்படும் வீடுகள் தனியாக 13 லட்சம். அந்தச் சாக்கடையைத் தள்ளிவிடுவது யார் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. பன்றிகள் சுத்தம் செய்யும் கழிப்பிடத்துக்குக்கூட ஒரு குறியீடு இருந்தது.

பிறகு 2013 சட்டம் வந்தது. அதையொட்டி, மலம் அள்ளும் மனிதர்களை அடையாளம் காண 2013-இலும் 2018-இலும் ஆய்வுகள் நடந்தன. 2018-இல் முகாம் போட்டார்கள். முகாமுக்கு வந்து, 'நான் இந்த வேலை செய்கிறேன்' என்று படிவத்தில் நீங்களே எழுதித் தர வேண்டும். உள்ளாட்சி நிர்வாகம் அதைச் சரிபார்க்கும். இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து கண்டுபிடித்தவர்கள் 58,098 பேர் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர்.

இரண்டு எண்களையும் நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஒருவரே பல வீடுகளுக்குப் போவார். இடையில் ஆண்டுகளும் ஓடியிருக்கின்றன. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாகாது. முதல் கேள்வி கழிப்பிடத்தின் சொந்தக்காரரிடம் போனது. அவருக்கு அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. குழாய்த் தண்ணீர், மின்விளக்கு, சமையல் எரிபொருள் வரிசையில் அதையும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது கேள்வி அள்ளுகிறவரிடம் போனது. அவர் வேலையை விட்டு, முகாம் தேடி வந்து, தன்னை அந்த வேலைக்கு அனுப்புகிற ஊரில், இப்படி ஒரு வேலையே இங்கு இல்லை என்று சான்று எழுதிக்கொண்டிருக்கும் நிர்வாகத்தின் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். எத்தனை பேர் வருவார்கள்?

முதுகலை படித்த நாட்களில் கேள்வித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். சேரியில் பாய் விரித்து உட்கார வைப்பார்கள். கடன் எவ்வளவு, கறி எப்போது சாப்பிட்டீர்கள், ஒதுங்க எங்கே போகிறீர்கள் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சொல்வார்கள். ஊர்த்தெருவில் பதில் திண்ணையோடு முடிந்துவிடும். எங்கள் கேள்வித்தாளும் அதற்கேற்பத்தான் இருந்தது. அவர்களுக்கு நிலம், பாசனம், விளைச்சல். எங்கள் மக்களுக்குச் சாதி. சமூகவியலில் இதைக் களப்பணி என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஊர்த்தெருவுக்கும் சாதி உண்டு என்பதைக் கேள்வி தயாரித்தவர்கள் மறந்திருக்க முடியாது. அங்கே அது கேள்வியாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கேட்டால் சொல்வார்களா என்கிறார்கள். கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வு மன்றமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் 2011-12-இல் 42,152 குடும்பங்களில் நடத்திய இந்திய மனித வளர்ச்சி ஆய்வு அது. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம் அடுத்த கேள்வி: பட்டியல் சாதிக்காரர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரத்தைப் புழங்கினாலோ சிக்கல் இருக்குமா? அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்துவிட்டதாகச் சொல்லும் ஒன்றை, இந்த இரண்டில் ஒன்றுக்காவது ஆமாம் என்று சொல்லி 27 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். பிராமணக் குடும்பங்களில் பாதிக்கு மேல். மத்தியப் பிரதேசத்திலும் பாதிக்கு மேல். நம்மவர்களிலும் 15 விழுக்காட்டினர் ஆமாம் என்றார்கள். இதை மேடையில் சொன்னால் முகம் சுளிக்கிற தோழர்கள் உண்டு. சுளிக்கட்டும், அதுவும் தெரியவேண்டிய கணக்குதான்.

இந்த எண்ணிக்கை குறைந்தபட்சம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்கள் மட்டும்தான் இதில் இருக்கிறார்கள். கொல்லைப்புறத்தில் தனிக்குவளை வைத்துக்கொண்டு 'எங்க வீட்டில் அதெல்லாம் பார்க்கிறதில்லைங்க' என்று சொன்னவர்கள் மீதிப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அரசு நடத்தும் பெரிய ஆய்வுகளில் இந்தக் கேள்வி இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வில் குடும்பத் தலைவரின் சாதியைக் கேட்பார்கள். அந்தச் சாதி அடுத்தவரை என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. இதற்கிடையில், அதன் 6-ஆவது சுற்றில் மாற்றுத்திறன் குறித்த கேள்வியை நீக்கினார்கள், இரத்தசோகைப் பரிசோதனையை வேறோர் ஆய்வுக்குத் தள்ளினார்கள். கேள்வியைச் சேர்க்க இடமில்லை என்கிறவர்களுக்கு எடுக்கத் தெரிகிறது.

கிறித்தவத் தலித்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1950 ஆணைப்படி பட்டியல் சாதியினர் இந்துக்கள் மட்டும். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். 2011-இல் மதக் கட்டத்தில் கிறித்தவர் என்று விழுந்ததும் பட்டியல் சாதிக் கட்டம் மூடிக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பியவர்களுக்கு அவர் யார் என்று தெரியும், படிவத்துக்குத் தெரியாது. வரும் கணக்கெடுப்பில் சாதிப் பெயரை எல்லோரிடமும் கேட்டால் அவர்கள் எந்த அட்டவணைக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்பதை நாம் கண்காணிக்க வேண்டும்.

இந்த அமைப்பின் சார்பில் ஒரு மனு எழுதியிருக்கிறோம். அதில் இரண்டே கோரிக்கைகள். கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கும் ஒவ்வொரு ஆய்வும், தொட்டியையோ குழியையோ கடைசியாகக் காலி செய்தது இயந்திரமா, உள்ளே இறங்கிய ஆளா என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். தீண்டாமை குறித்த அந்த இரண்டு கேள்விகளும் அரசின் மாதிரி ஆய்வுகளில் எல்லாச் சாதிக் குடும்பங்களிடமும் கேட்கப்பட வேண்டும். இதைக் கணக்கெடுப்பில் சேர்க்கச் சொல்லவில்லை. அங்கே கேட்க வருவது பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர். தன் பிள்ளையின் வாத்தியாரிடம் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆசிரியர் நம் தெருக்காரராக இருந்தால் அவர் அந்த வீட்டுத் திண்ணையில் நின்று கேட்கவும் முடியாது.

மனுவின் வரைவு வாசல் பக்க மேசையில் இருக்கிறது. கேள்விகளின் வாசகத்தை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பேச்சில் அதை எப்படிக் கேட்பீர்கள் என்பதை ஓரத்தில் எழுதிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.