அடங்கு என்று சொன்னவர்



காற்றையும் கடலையும் இயேசு அடக்கிய நிகழ்ச்சியை நாம் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். மாற்கு நற்செய்தி, 4ஆம் அதிகாரம். பழகிப்போன பகுதிதான். ஆனால் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, வல்லம் பக்கத்தில் நின்று அதை வாசிப்பது நமக்கு எளிதாக இல்லை.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு அந்தப் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்பும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. விடிந்தால் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைய நற்செய்தி லூக்கா 21: கடல் முழங்கும், மக்கள் வழி தெரியாமல் திகைப்பார்கள் என்று ஆண்டவர் சொல்லும் இடம். யாரும் தேடி எடுத்ததல்ல. திருவழிபாட்டு நாள்காட்டியில் அன்றைக்கு உரியதே அதுதான்.

சில நாள் கழித்து, பயிரும் இரண்டு ஆடும் பறிகொடுத்த ஓர் அம்மா நம்மிடம் கேட்டார்: "சாமி, அன்னிக்கு அடங்குன்னு சொன்னவரு, இந்தத் தடவை ஏன் சொல்லல?"

படகில் சீடர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். நாங்கள் சாவது உமக்குக் கவலையில்லையா என்று அவரை உலுக்கினார்கள். அந்தக் கேள்விக்காக ஆண்டவர் அவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை.

பாவத்துக்குத் தண்டனை என்று சொல்ல நம்மிடையே சிலர் முந்திக்கொண்டார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று இயேசு வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார். நோவா காலத்து வெள்ளத்தைக் காட்டுவார்கள். அந்த வரலாறு முடிவது வானவில்லில். இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்ற உடன்படிக்கையில். அதுவரை வாசித்துவிட்டுப் பேசினால் நல்லது.

யோபு நூல் 38ஆம் அதிகாரத்தில் கடவுள் தம் வல்லமையைப் பேசுகிறார். மனிதரே இல்லாத பாலைநிலத்திலும் தாம் மழை பெய்விப்பதாகச் சொல்கிறார். அப்படியானால் மழை நம்மைக் குறிவைத்துப் பெய்வதில்லை. ஆளில்லாத காட்டுப் புல்லும் அவர் கணக்கில் உண்டு. துன்பப்படுகிறவருக்கு இது கசப்பான பதில்தான். ஆனாலும் தண்டனை, தண்டனை என்று விளக்கிய யோபுவின் நண்பர்கள்மீதுதான் கடைசியில் கடவுள் சினங்கொண்டார்.

அதே அதிகாரத்தில் கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டவர் அவர் என்று வருகிறது. நம் முன்னோரும் தண்ணீருக்கு எல்லை வகுத்தார்கள்: ஏரிக்கரை, மதகு, கலங்கல். கலங்கலைத் தூர்த்து, வாய்க்காலில் சுவர் எழுப்பியது கடவுள் அல்ல. அந்தக் கணக்கை அவர் தலையில் எழுத நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த அம்மாவின் வீடு வாய்க்காலில் இல்லை, மேட்டில்தான் இருந்தது. அவருக்கு நாம் பதில் சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. மாற்கு எழுதியதை மட்டும் சொன்னோம். தண்ணீர் நிரம்பிய அதே படகில்தான் ஆண்டவரும் படுத்திருந்தார். கூடவே வேறு படகுகளும் வந்தன. அவற்றில் அவர் இல்லை. காற்று அடங்கியபோது அவற்றுக்கும் சேர்த்துத்தான் அடங்கியது.

தை மாதம் அன்பியத்தார் சேர்ந்து அவர் வீட்டுச் சுவரை எடுத்துக் கட்டினார்கள். கல் சுமந்தவர்களில் பாதிப் பேர் நம் கோயிலுக்கு வராதவர்கள். அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: "மத்த படகுல இருந்தவங்களுக்கு, காத்த அடக்கினது யாருன்னு தெரியுமா சாமி?"

மாற்கு அதை எழுதவில்லை.