வரமாட்டன் என்கிற அம்மா
(புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"தாயை ஊரில தனிய விட்டிட்டு இங்க என்ன செய்யிறாய்?" என்று என்னைக் கேட்கிறார்கள். உங்களில் பலரையும் கேட்டிருப்பார்கள். நான் விடவில்லை, அவதான் வரமாட்டன் என்கிறா.

கனடாவில் 2022 ஆடியிலிருந்து சூப்பர் விசாவில் ஒரே தரம் 5 வருசம் வரை நிற்கலாம். வழி இருக்கு. ஆனால் எங்கட ஊர் மயிலிட்டி. 1990 ஆனியில் சனம் இடம்பெயர்ந்தது. ஊரின் ஒரு பகுதியை இராணுவம் விட்டது 2017 ஆடியில். 27 வருசம்! அவ்வளவு காலமும் அம்மா முகாமிலும் பிறத்தியார் வளவிலும் காணி உறுதியைக் காத்துக்கொண்டு இருந்தவ. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையில்லை, கிணற்றைப் பற்றை மூடியிருந்தது. இப்ப கிணற்றடியில் வாழை நிற்குது. அவவைப் பார்த்து, ஸ்காபரோவில் எட்டாம் மாடிக்கு வாங்கோ, நாங்கள் வேலையால் வரும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டு இருங்கோ என்று எப்பிடிச் சொல்வது?

"குளிருக்குள்ள பூட்டி வைக்கவோ கூப்பிடுறாய், தம்பி?" என்பா. அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை.

பயம் இல்லாமல் இல்லை. நேரம் கெட்ட நேரத்தில் போன் அடித்தால் நெஞ்சு திக்கென்கும். அவவுக்குப் பிரஷர். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு திறப்பு இருக்கு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்க ஒரு ஓட்டோக்காரத் தம்பி. காசு நான் அனுப்புறன். வா வா என்று கரைச்சல் குடுக்கிறதைவிட இது பிரயோசனம் என்பது என் எண்ணம்.

ஆடியில் பிள்ளையளோட போறம், ரிக்கற் போட்டாச்சு. பேரப்பிள்ளையளுக்கென்று ஒரு குலையை வெட்டாமல் வைத்திருக்கிறாவாம். ஆடிவரை நிற்காது, பழுத்துப் போகும் என்றால் கேட்கிறா இல்லை.