கல்லாப்பெட்டி பேசும் காலம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1996-ல் இங்கே பி.காம். முடித்தேன். பேங்க் வேலை கிடைக்கவில்லை. உத்திரமேரூரில் அப்பா வைத்திருந்த பம்புசெட், மோட்டார், ஸ்டார்ட்டர் கடையில் உட்கார்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே பெரிய மனிதர்கள் பேசிய இந்த மேடையில் நான் பேசப்போவது என் கல்லாப்பெட்டியைப் பற்றித்தான்.

அப்பா காலத்தில் கடையில் இரண்டு கணக்குதான் உண்டு. ஒன்று ரொக்கம், இன்னொன்று கடன் நோட்டு. நெல் அறுத்து விற்றதும் விவசாயி வந்து நோட்டில் கோடு அடித்துவிட்டுப் போவார். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் அந்த ரொக்கம் ஒரே நாளில் நின்றது. அடுத்த மாதம் ஸ்வைப் மெஷின் வாங்கினேன். கடைக்குள் சிக்னல் கிடைக்காது. மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் போகிற ரோட்டு ஓரம் நிற்பேன், கார்டு கொடுத்தவரும் கூடவே வந்து நிற்பார்!

கார்டு இலவசம் இல்லை என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 20,000 ரூபாய் மோட்டாரை கிரெடிட் கார்டில் விற்றால் என்னிடம் 2 சதவீதம், அதாவது 400 ரூபாய் பிடிக்கிறார்கள். அந்த 400-க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு, 72 ரூபாய். ஒரு மோட்டாரில் எனக்கு நிற்பதே 1,200 ரூபாய் என்றால் மிச்சம் எவ்வளவு, நீங்களே கணக்குப் போடுங்கள். அதை வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது என்று பேங்க் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. யுபிஐ அப்படி இல்லை. பேங்க் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் கிடையாது. கடை வாசலில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டப்பட்டது அதனால்தான்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2021-ல் ஒரு சாயங்காலம் இரண்டு பையன்கள் பைக்கில் வந்து 9,800 ரூபாய்க்கு மோட்டார் எடுத்தார்கள். "அனுப்பிட்டேன்ணா" என்று போனைக் காட்டினார்கள், பச்சை டிக் தெரிந்தது. கூட்ட நேரம், தலையாட்டிவிட்டேன். ராத்திரி கணக்குப் பார்த்தால் பணமே வரவில்லை. காட்டியது போலிப் படம். மறுநாளே பணம் வந்தால் சத்தம் போடும் பெட்டியை வாங்கி வைத்தேன். 'பெட்டி பேசினால்தான் பொருள்' என்று அட்டையும் எழுதி மாட்டினேன்.

அடுத்த கோடையில் மானாம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். ஸ்டார்ட்டர் 3,400 ரூபாய். பேரன் போனில் அனுப்பினான். அவன் கணக்கில் பணம் பிடித்த எஸ்.எம்.எஸ். வந்தது. என் பெட்டி பேசவில்லை. கால் மணி நேரம் பார்த்தேன். பத்துப் பேர் நிற்கும்போது அவர் கையிலிருந்த ஸ்டார்ட்டரை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

"உங்கப்பா காலத்துல இருந்து நோட்டுல எழுதி வாங்கினு போறேன் தம்பி. ஒரு நாளாவது இல்லேன்னேனா?" என்றார். அதற்குமேல் பேசவில்லை, போய்விட்டார்.

நான்காம் நாள் பையன் போன் செய்தான். பணம் அவர்கள் கணக்குக்கே திரும்பிவிட்டதாம். அனுப்புகிறவர் பேங்க், நடுவே என்.பி.சி.ஐ., வாங்குகிறவர் பேங்க் என்று பணம் கைமாறும்போது எங்கோ ஓரிடத்தில் சிக்கியிருக்கிறது. கடைக்கு அனுப்பிய யுபிஐ பணம் இப்படித் தொங்கினால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் பணம் போனவருக்கு பேங்க் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பி.காம். படித்தவன் நான்!

ஸ்டார்ட்டரை டி.வி.எஸ்.-50-ல் கட்டிக்கொண்டு அவர் கிணற்றடிக்கே போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "வேற இடத்துல வாங்கிட்டேன் தம்பி. பயிர் காயுது, எத்தினி நாள் பாக்கறது? உக்காரு, மோர் குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்துவிட்டு வந்தேன். இப்போது பேரன்தான் கடைக்கு வருகிறான். அவர் வருவதில்லை.

அட்டையைக் கழற்றிவிட்டேன். பெட்டி பேசாவிட்டால் தெரிந்த ஆளுக்கு, அந்தப் 12 இலக்க எண்ணைக் கடன் நோட்டில் குறித்துக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுகிறேன். தெரியாத ஆளாக இருந்தால் டீ வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கச் சொல்கிறேன். ஆக, அப்பாவின் நோட்டு இன்னும் கல்லா மேலேயே இருக்கிறது. தினமும் காலையில் வாசலில் ஒட்டியிருப்பது நம் கட்டம்தானா என்று ஒரு முறை ஸ்கேன் செய்தும் பார்க்கிறேன், மேலே வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டுச் சும்மா இருந்தவன்.

வரிக்குப் பயந்து கட்டத்தைக் கிழிக்கலாமா என்று சக வியாபாரிகள் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் போனதும், பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' போர்டு வந்தது. நான் கிழிக்கவில்லை. உத்தேச லாப முறையில் வருமான வரி கட்டுகிற சிறு வியாபாரிக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், பேங்க் வழி வந்ததற்கு 6 சதவீதம்தான். போதாததற்கு எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் குடவோலைக்கு நிற்க முடியாது. அந்தத் தெருவில் கடை வைத்துக்கொண்டு நான் கணக்கை ஒளிக்க முடியுமா?

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.  உத்திரமேரூர் பக்கம் வருகிற நண்பர்கள் கடைக்கு வாருங்கள், மோர் நான் தருகிறேன்.