ஞானப்பல்லும் எஞ்சினியரிங் டிராயிங்கும்



மாரண்டஹள்ளியிலிருந்து வந்திருக்கிறேன். எஞ்சினியர் மேடையேறிப் பல்லைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சில வருஷத்துக்கு முன்னால் எங்க அண்ணனுக்குக் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தார்கள். பல் வெளியே வராமல் எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருந்தது. எடுத்த பிறகு கீழுதட்டில் பாதி மரத்துப்போனது. இன்றுவரை உணர்ச்சி திரும்பவில்லை. காபியின் சூடு தெரியாது. உதட்டில் பருக்கை ஒட்டியிருந்தால் அண்ணிதான் ஜாடை காட்டணும்.

போன வருஷம் எனக்கும் அதே பல், அதே வலி! டாக்டர் ஓ.பி.ஜி. எடுத்தார். தாடை முழுவதையும் தட்டையாகக் காட்டும் எக்ஸ்ரே அது. நரம்பு ஓடும் கால்வாயின் கோடு, பல்லின் வேர்மேல் குறுக்கே போனது. "வேரைத் தொடுதா, விலகிப் போகுதான்னு இதுல தெரியாது தம்பி" என்றார்.

உடனே முதலாண்டு டிராயிங் ஹால் ஞாபகம் வந்தது. எலிவேஷன் மட்டும் போட்டு ஷீட்டை நீட்டினால், "பிளான் எங்கேடா?" என்று சார் திருப்பிக் கொடுப்பாரே!

அந்தப் பிளானைத் தருவதுதான் சி.பி.சி.டி. ஸ்கேன். கூம்பாக விரியும் எக்ஸ்ரே தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கில் படமெடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றை முப்பரிமாணமாகக் கட்டும். இதற்கான கணக்கை 1984-ல் எழுதியவர்கள் ஃபோர்டு கார் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள். அதற்கும் முன்னால், 1971-லேயே, இத்தகைய கணக்குக்கு உதவும் வடிகட்டும் முறையைத் தந்தவர்கள் நம்மவர்கள்: சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போன ஜி.என். ராமச்சந்திரனும், ஏ.வி. லட்சுமிநாராயணனும். 'ராம்-லாக்' ஃபில்டர் என்று இன்றும் பெயர்.

என் ஸ்கேனில் நரம்பு, நாக்குப் பக்கமாக வேரோடு ஒட்டியே ஓடியது. நடுவில் எலும்பே இல்லை. டாக்டர் திட்டத்தை மாற்றினார். வேரை அப்படியே விட்டுவிட்டு, பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்தார். உதடு நன்றாக இருக்கிறது. விட்ட வேர் நகருதா என்று மட்டும் அவ்வப்போது பார்க்கணும்.

எல்லோருக்கும் இந்த ஸ்கேன் வேண்டியதில்லை. கதிர்வீச்சும் செலவும் ஓ.பி.ஜி.யை விட அதிகம். ஸ்கேன் எடுத்தாலே ஆபத்து நீங்கிவிடாது. முடிவெடுக்கத்தான் அது உதவும். ஆனால் வேரும் நரம்பும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால், "இன்னொரு கோணத்தில் பார்க்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

என் ஸ்கேனைப் பார்த்த அண்ணன், "எனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோடா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.