வேலி தாண்டிப் போகும் பாதை

தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹெய்சன் நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. கேப் ஜெர்விஸ் கடற்கரையிலிருந்து வடக்கே பராச்சில்னா பள்ளத்தாக்கு வரை சுமார் 1200 கிலோமீட்டர். யூகலிப்டஸ் மரங்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ஹான்ஸ் ஹெய்சனின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

பர்ரா என்ற ஊர்ப்பக்கம் ஒரு பகல் நடந்தால், ஆட்டுப் பண்ணைகளுக்குள் புகுந்துதான் போக வேண்டும். அத்தனையும் தனியார் நிலம்! கம்பி வேலி குறுக்கிடும் இடத்தில் ஏறி இறங்கச் சின்னப் படிகள் போட்டிருக்கும். பக்கத்துக் கம்பத்தில் சிவப்பு அடையாளம். மேய்கிற ஆடுகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நிழல் குறைவு, ஓடைகள் பல வறண்டு கிடக்கும். தங்கும் குடில்களில் தகரக் கூரையிலிருந்து தொட்டியில் சேரும் மழைநீர்தான் உயிர்த்தண்ணீர். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

முன்பின் தெரியாதவர்கள் நடக்கட்டும் என்று தம் நிலத்தில் வழிவிட்ட அந்த விவசாயிகளின் மனசு பெரிது. பதிலுக்கு அவர்கள் கேட்பது, மூடியிருந்த வேலிக் கதவை மூடிவிட்டுப் போங்கள் என்பதைத்தான்.

கோடையில் தீ அபாயத்தால் பண்ணை நிலப் பகுதிகளை மூடிவிடுவார்கள். போக நினைப்பவர்கள் மே முதல் அக்டோபருக்குள் திட்டமிடுங்கள்.