கிருஷ்ணனின் படிகமும் நம் காந்தத் துகளும்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியோடு தயக்கமும் வந்தது. இத்துறையில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். நான் சொல்லப்போவதில் சிலவற்றை உங்களில் சிலர் ஏற்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

தரவுச் சேமிப்புக்கான காந்தப் பொருள்களின் நம்பகத்தன்மையை மேம்படுத்துவது நம் கருத்தரங்கின் பொருள். இதன் வரலாறு நீங்கள் அறிந்ததே. 1956-இல் ஐ.பி.எம்.-இன் ராமாக், 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதில் 5 மெகாபைட் அளவே சேமித்தது. இவாசாகி 1977-இல் முன்வைத்த செங்குத்துப் பதிவு, 2005-இல் தோஷிபா வழியாகக் கடைக்கு வந்தது. இன்று இரும்பு–பிளாட்டினம் துகளை லேசரால் சூடாக்கி எழுதுகிறார்கள். இவற்றை விரித்துரைக்க அமர்வுகள் இருக்கின்றன. நான் வேறொன்றைப் பேச விரும்புகிறேன்.

வந்திருக்கும் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை ஃபெரைட் நானோ துகள்கள் பற்றியவை. சோல்–ஜெல் முறையிலோ இணைவீழ்படிவு முறையிலோ தயாரிப்பு, எக்ஸ்-கதிர் வரைபடத்திலிருந்து ஷெரர் சூத்திரப்படி துகளளவு, வி.எஸ்.எம். கருவியில் அறை வெப்பநிலையில் ஒரு தயக்கக் கண்ணி. அதிலிருந்து தெவிட்டுக் காந்தமாக்கம், காந்த நீக்குத்திறன். உழைப்பு நேர்மையானது. ஆனால் கடைசி வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே: இப்பொருள் உயர் அடர்த்தித் தரவுச் சேமிப்புக்கு ஏற்றது. அந்த வரியோடுதான் என் வழக்கு. சேமிப்பு என்றால் காலம். அந்தக் கட்டுரைகள் எதிலும் காலம் அளக்கப்படவே இல்லை.

நெயெல் 1949-இல் தந்த கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு துகளின் காந்தத்தைப் புரட்டிப்போடத் தடையாக நிற்பது, அதன் திசைவேற்றுமை மாறிலியையும் கனஅளவையும் பெருக்கி வரும் ஆற்றல். அது வெப்ப ஆற்றலைப்போல் 40 மடங்கு இருந்தால், ஒரு நானோ விநாடியை முயற்சிக்கால அலகாகக் கொண்டு, துகள் சுமார் ஏழரை ஆண்டு தாங்கும். கோபால்ட் ஃபெரைட்டில் அது சுமார் 12 நானோமீட்டர் விட்டமுள்ள துகள். இப்போது விட்டத்தை மட்டும் பத்து விழுக்காடு குறையுங்கள். கனஅளவு 27 விழுக்காடு குறையும், 40 என்பது 29 ஆகும், ஏழரை ஆண்டு ஒன்றேகால் மணி நேரமாகிவிடும். ஷெரர் சூத்திரம் தருவதோ சராசரி. சராசரியைவிடச் சிறிய துகள்கள் நம் குப்பியில் எத்தனை பங்கு? அதைச் சொல்லாமல் ஏற்றது என்று எப்படி எழுத முடியும்?

வெப்பநிலையும் அப்படித்தான். 27 டிகிரியில் ஏழரை ஆண்டு தாங்கும் அதே துகள், 45 டிகிரியில் ஒன்பது மாதம்தான் தாங்கும். திசைவேற்றுமையும் வெப்பத்தில் தளர்வதால் உண்மையில் அதற்கும் குறைவே. இந்த ஊரின் விசைத்தறிக் கூடங்களில் தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் நின்றவர்களுக்கு 45 டிகிரி ஆய்வகக் கற்பனை அல்ல. அடுத்தடுத்த துகள்களின் புலமும் தடையைத் தாழ்த்துகிறது. அதனால்தான் வட்டுத் தொழிலில் 40 போதாது, 60 வேண்டும் என்கிறார்கள்.

சிறு துகள் செய்யும் கேட்டைக் காதால் கேட்கவே முடியும். கொடை விழாக்களில் பதிந்த பழைய வில்லுப்பாட்டுக் கேசட் ஒன்றை, நல்ல ஹெட்போன் வைத்துக் கேளுங்கள். புலவர் பாட்டெடுக்கும் முன் உள்ள அமைதியில், அந்தப் பாட்டின் முதற்சொல் மிக மெலிதாக ஒருமுறை வந்து போகும். ஒன்றரை முதல் மூன்று விநாடி கழித்து உண்மையான குரல் வரும். நாடாவின் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அது. சுற்றிவைத்த நாடாவில் ஓர் அடுக்கின் காந்தம் ஒட்டியிருக்கும் அடுக்கிலுள்ள, விளிம்பில் நிற்கும் நுண்துகள்களை மெல்லத் திருப்பிவிட்டது. சி-60 நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12; அதனால் சி-90-இல் இந்தத் தொல்லை கூடுதல். வெயிலில் வைத்தால் இன்னும் கூடுதல். தயாரான அன்று அந்த நாடாவின் தயக்கக் கண்ணி குறையில்லாமல்தான் இருந்திருக்கும்.

நாடாத் துகளின் காந்த நீக்குத்திறனைக் கூட்டத் தொழில் கண்ட வழிகளில் ஒன்று, இரும்பு ஆக்சைடுத் துகளோடு கோபால்ட் சேர்ப்பது. ஏன் கோபால்ட்? ஏன் நிக்கல் அல்ல? இந்தக் கேள்விக்கான விடையின் தொடக்கம் இங்கிருந்து தொலைவில் இல்லை. வடக்கே ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தாண்டினால் வத்திராயிருப்பு. 1898 டிசம்பர் 4-இல் கே. எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர்.

கிருஷ்ணன் என்றதும் 1928-ஐயும் ராமன் விளைவையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அதே ஆண்டின் இறுதியில் டாக்கா சென்று அவர் தொடங்கிய காந்த ஆய்வை நம் பாடத்திட்டம் தொடுவதே இல்லை. ஓர் ஒற்றைப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடுவார்கள். இழையின் மேல்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே போவார்கள். படிகம் தன் விருப்பத் திசையை விடாமல் பிடித்துக்கொண்டு, சிறிதே சிறிதே திரும்பும். 45 டிகிரியை எட்டியதும் அதன் எதிர்ப்பு உச்சம். அதற்கு மேல் ஒரு பொட்டு முறுக்கினாலும் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கணத்தின் முறுக்குக் கோணத்திலிருந்து திசைவேற்றுமையைக் கணக்கிடலாம். குஹா, பானர்ஜி, சக்கரவர்த்தி ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய முதல் இரு பகுதிகள் 1933-இல் ராயல் சொசைட்டியின் ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ் இதழில் வந்தன.

முன்பொரு கருத்தரங்கில் இந்த அளவீடுகளைப் பதிவுப் பொருள்களோடு இணைத்து நான் சொன்னபோது, நான் பெரிதும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர் மறுத்தார். கிருஷ்ணன் அளந்தவை டயா காந்த, பாரா காந்தப் படிகங்கள். பதிவுப் பொருள்களோ ஃபெர்ரி, ஃபெர்ரோ காந்தம். இரண்டையும் முடிச்சுப் போடுவது ஊர்ப் பற்று என்றார். மறுப்பின் முதற்பாதி சரி. அளவுகளும் ஒழுங்கமைவும் வேறு. இரண்டாம் பாதியை இன்றும் என்னால் ஏற்க இயலவில்லை. கோபால்ட் உப்புகளில் திசைவேற்றுமை மிகப் பெரிது, அதே அமைப்புள்ள நிக்கல் உப்புகளில் மிகச் சிறிது என்பதை அந்த அளவீடுகள் காட்டின. கோபால்ட் அயனியைச் சுற்றி எண்முக வடிவில் ஆறு ஆக்சிஜன். அந்தச் சூழல் அதன் சுற்றுப்பாதை இயக்கத்தை முழுவதும் அடக்கிவிடுவதில்லை. நிக்கலில் அடக்கிவிடுகிறது. ஃபெரைட்டிலும் அதே அயனி, அதே ஆறு ஆக்சிஜன். கோபால்ட் கலந்த மாக்னடைட்டின் திசைவேற்றுமைக்கு ஸ்லான்செவ்ஸ்கி 1958-இல் தந்த விளக்கம் இந்த ஒற்றை அயனியிலிருந்தே புறப்படுகிறது. கோபால்ட் ஃபெரைட் வன்மையானதாகவும் நிக்கல் ஃபெரைட் மென்மையானதாகவும் இருப்பதன் வேர், டாக்காவில் தொங்கிய உப்புப் படிகத்தில் முன்பே தெரிந்தது. இதை ஊர்ப் பற்று என்று தள்ளுவது, இயற்பியலைப் பொருள்வாரியாகப் பெட்டி கட்டுவது. அந்தப் பேராசிரியர் இந்த அவையிலும் இருக்கிறார். மாலையில் அவர் மறுமொழியைக் கேட்கக் காத்திருக்கிறேன்.

கிருஷ்ணன் நமக்குத் தருவது பெருமை மட்டுமல்ல, ஒரு முறையும்கூட. எந்தத் திசையில் எவ்வளவு என்று அவர் ஒவ்வொரு படிகத்தையும் கேட்டார். நாம் பொடியை அழுத்தி, எல்லாத் திசைகளையும் கலந்து, ஒரே எண்ணை வாங்கிக்கொள்கிறோம். விலைமிக்க கருவி இல்லை என்ற பதில் வரும். நான் கேட்பது எளியது. மாதிரியை ஒருமுறை காந்தமாக்கி, 45 டிகிரி அடுப்பில் வையுங்கள். ஒரு மணி, பத்து மணி, நூறு மணி, ஆயிரம் மணி கழித்து எஞ்சிய காந்தத்தை அளந்து, நேரத்தின் மடக்கைக்கு எதிரே வரையுங்கள். ஆயிரம் மணி என்பது 42 நாள். எந்த ஆய்வு மாணவருக்கும் ஒரு பருவத்துக்குள் அடங்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலிருந்து துகளளவுப் பரவலையும் சேர்த்துக் கொடுங்கள். தாழ்வெப்பநிலை அளவீடு தேவைப்படுவோர்க்குக் கல்பாக்கத்தில் பல்கலைக்கழக மானியக் குழு–அணுசக்தித் துறைக் கூட்டமைப்பின் மையம் இருக்கிறது.

ஆய்வுக்கோவைத் தொகுப்பாளர்களிடம் ஒரு முன்மொழிவை வைக்கிறேன். இந்தத் தேய்வு வரைபடம் இல்லாத கட்டுரையைத் தாராளமாக வெளியிடுவோம். தயாரிப்பும் அமைப்பும் தம்மளவில் மதிப்புடையவை. அதிலிருந்து தரவுச் சேமிப்புக்கு ஏற்றது என்னும் வரியை மட்டும் எடுத்துவிடுவோம். மறுப்பவர்கள் முதல் அமர்விலேயே எழுந்து பேசலாம். அந்த அமர்வுக்கு நானே தலைமை வகிக்கிறேன், மறுப்புகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.