ஆற்று மீன் தரும் எச்சரிக்கை



வயலுக்குப் பாயும் நீரும் மீன் வாழும் நீரும் ஒன்றே. ஆதலால், அந்நீரிற் கட்மியம், ஈயம், இரசம் முதலிய பார உலோகங்கள் சேர்ந்தால் மீனுக்கு நேரும் கேட்டை நாமும் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வுலோகங்கள் இலைகுழை போல உக்கி மறைவதில்லை. அடிச்சேற்றிற் படிந்து, செவுள் வழியாகவும் இரை வழியாகவும் மீனின் உடலிற் புகுந்து, ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்குகின்றன.

விதைநெல்லின் குணம் பயிருக்கு வருவது போல, மீனின் குணங்களைக் குஞ்சுகளுக்குக் கொண்டு செல்வது கலங்களின் கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் இழையாகும். அவ்விழை இடையிடையே பழுதுறுவதும், கலம் அதனைத் திருத்திக் கொள்வதும் இயற்கை. கட்மியமோ பழுதை மிகுவிப்பதுடன், திருத்தும் வேலையையும் தடுக்கின்றது.

மனிதரின் முதிர்ந்த செங்குருதிக் கலத்திற் கரு இல்லை. மீனின் கலத்தில் உண்டு. எனவே, நஞ்சேறிய மீனின் ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தால், உடைந்த துண்டுகள் கருவின் அருகே தனிச் சிறு கருக்களாய்த் தோன்றுவதைக் காணலாம். மீன் செத்து மிதக்குமுன்னரே கிடைக்கும் எச்சரிக்கை இது.

இந்நஞ்சு வயலையும் விடாது என்பதற்கு யப்பான் தேசத்து ஜின்சு ஆறு சான்றாகும். மேற்புறத்திலிருந்த கமியோக்கா சுரங்கத்தின் கட்மியம் ஆற்றுநீருடன் தோயாமா மாகாணத்து நெல்வயல்களிற் பாய்ந்தது. அவ்வரிசியை உண்டு, அந்நீரைக் குடித்தோர் பலர், சிறப்பாக வயது சென்ற பெண்கள், சிறுநீரகம் பழுதுற்று எலும்பு முறியும் கொடிய நோயால் வருந்தினர். கட்மியமே காரணமென அந்நாட்டு அரசாங்கம் 1968இல் அறிவித்தது. கெட்ட வயல்மண்ணைச் சீராக்கும் வேலையோ 2012இலேயே முடிவுற்றது.

ஆகவே, பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. பழைய பற்றரிகளையும் வர்ணப் பேணிகளையும் வாய்க்காலிலோ ஆற்றோரத்திலோ எறியாதீர்கள்.

2. செம்பு கலந்த பூஞ்சண மருந்து தெளித்த கருவியை ஓடும் நீரிற் கழுவாதீர்கள். செம்பு மீனுக்கு நஞ்சு.

3. பொஸ்பேற்றுப் பசளையிற் சிறிதளவு கட்மியம் கலந்திருத்தல் கூடும். மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவே இடுங்கள்.

4. வாய்க்கால் ஓரத்திற் புல்லை வளரவிடுங்கள். தோட்டத்து மண் நீருடன் அள்ளுண்டு போவதை அது குறைக்கும்.

ஆற்றிலோ குளத்திலோ மீன்கள் திடீரெனச் செத்து மிதக்கக் கண்டால், அவற்றை உண்ணாது, உங்கள் பகுதிப் போதனாசிரியருக்குத் தாமதமின்றி அறிவியுங்கள். நீரிற் கலந்த உலோகத்தைப் பிரித்தெடுப்பது அரிது. கலவாமற் காப்பது நம் கையிலுள்ளது.